பட்டன் இல்லாத வேலை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற வழியில், ரோட்டை ஒட்டிய கிரானைட் யார்டுகளில் முப்பத்தாறு கிரேன்கள் என் பேச்சைக் கேட்டன. இன்றைக்கு ஒன்பது கேட்கின்றன. முப்பத்தாறு எப்படி ஒன்பது ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் அந்த முப்பத்தாறு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ ஒரு கிழவன் எதையோ புலம்புகிறான் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. சிங்காரப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி ஓசூரில் வந்து இறங்கியபோது என் கையில் இருந்தது ஒரு கடப்பாரை. டெலிபோன் கேபிளுக்குப் பள்ளம் தோண்டினேன். பள்ளம் தோண்டினவன் அடுத்த வருஷம் கேபிள் இழுத்தேன். பிறகு செல்போன் டவர்கள் வந்தன. ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது நான் மேலே நின்று குனிந்து பார்த்தேன். அப்போது என்னோடு ஏறியவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் யாரிடமோ சம்பளம் வாங்குகிறார்கள். நான் முப்பத்தைந்து வயதில் சொந்தமாகப் பலகை மாட்டினேன். முதலில் தொழிற்சாலைகளுக்கு வாக்கிடாக்கி, அப்புறம் கிரேன் ரிமோட். இங்கிலீஷ் மேனுவலை நான் படித்ததே இல்லை. பெட்டியைப் பிரித்துப் பார்ப்பேன். அது என்னிடம் சொல்லிவிடும்.

யார்டு கிரேனைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு மாடி உயரத்துக்கு இரும்புக் கால்கள், கீழே தண்டவாளம், மேலே குறுக்கே ஒரு பாலம். பாலத்திலிருந்து தொங்கும் கொக்கி ஒரு லாரி கனமுள்ள கல்லைத் தூக்கும். முன்பெல்லாம் ஆபரேட்டர் மேலே கூண்டில் உட்கார்ந்து ஓட்டினார். இப்போது தரையில் நின்றுகொண்டு, இடுப்பு பெல்ட்டில் தொங்கும் ரிமோட்டில் பட்டன் அழுத்துகிறார். ரிமோட் காற்றில் சொல்லும். மேலே இருக்கும் ரிசீவர் கேட்டுக்கொள்ளும்.

ஒவ்வொரு ரிமோட்டுக்கும் இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று சேனல், அதாவது எந்த வழியாகப் பேசுவது. இன்னொன்று ஐடி எண், அதாவது யார் பேசுவது. கம்பெனியிலிருந்து வரும்போது ஒவ்வொரு கிரேனுக்கும் ஐடி வேறு வேறாகத்தான் இருக்கும். அதனால்தான் ஒரு ரிமோட் கெட்டுப்போனால் புது ரிமோட்டுக்கு அந்த எண்ணை ஏற்றிக் கொண்டுவர மூன்று நாள் ஆகும். மூன்று நாளும் யார்டு சும்மா கிடக்கும்.

நான் அதை மாற்றினேன். என் பொறுப்பில் இருந்த எல்லாக் கிரேனுக்கும் ஒரே ஐடி எண்ணைப் போட்டேன். சேனலை மட்டும் யார்டுக்கு யார்டு வேறாக வைத்தேன். பைக்கில் ஒரே ஒரு உபரி ரிமோட். எந்த யார்டிலிருந்து போன் வந்தாலும் அரை மணி நேரத்தில் போய், சேனலைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவேன். இன்ஜினியரிங் படித்தவர்கள் யாருக்கும் இந்த யோசனை வரவில்லை. எல்லா ரிமோட்டிலும் நான் போட்ட எண், என் முதல் மொபெட்டின் எண்.

எந்த யார்டுக்கு எந்தச் சேனல் என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை. பக்கத்துப் பக்கத்து யார்டுக்கு ஒரே சேனல் விழக் கூடாது. அது ஒன்றுதான் விதி. முப்பத்தாறும் தலைக்குள் இருந்தன. "ஒரு நோட்டுல எழுதி வைங்க" என்று யாராவது சொன்னால் நெற்றியைத் தட்டிக் காட்டுவேன்.

என் சின்ன மகள் பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். ஓசூர்ப் பெண்ணுக்குப் பெங்களூர் பஸ் தூரம்தான். ஆனால் நாலாம் வகுப்புக்காரனின் மகளுக்கு ஆராய்ச்சி எத்தனை தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அலைக்கற்றையைப் பலபேர் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது, ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகாமல் எப்படிக் காப்பது, இதுதான் அவள் படிப்பு. ஒரு நாள் குக்கர் அளவில் ஒரு பெட்டியையும் நாலு ஆன்டெனாவையும் கொண்டுவந்து எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். தொழிற்பேட்டைக் காற்றில் யார் யார் எப்போது பேசுகிறார்கள் என்று அது சும்மா கேட்டுக் குறித்துக்கொண்டே இருக்குமாம். மாசத்துக்கு ஒரு முறை வந்து அதிலிருந்து எடுத்துப் போவாள்.

"உங்க ரிமோட்டுங்க பேசற எடம் லைசென்ஸ் வேண்டாத எடம்ப்பா. யாரு வேணா வரலாம்" என்றாள்.

"அப்போ பொறம்போக்குன்னு சொல்லு."

சிரித்துவிட்டாள். "கரெக்ட். பொறம்போக்குதான். இப்போ அதுல ஆடு மாடு அதிகமாயிடுச்சு. புது குடோன்ல இருக்கற ஸ்கேனரு, கரண்ட் மீட்டரு, கேட்டு, எல்லாம் அங்கதான் மேயுது. யாரு எப்போ மேயறதுன்னு ஒரு மொற வெக்கணும்."

"கெலவரப்பள்ளி கால்வாயில தண்ணிக்கு மொற வெக்கற மாதிரி. இதுக்கு ஆராய்ச்சியா? முப்பத்தாறு யார்டுக்கும் மொற வெச்சவன்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"கால்வாய்ல மடைய தொறந்தா கண்ணுக்குத் தெரியும்ப்பா. இதுல தெரியாது. அதனால நல்ல மெஷின்னா பேசறதுக்கு முன்னாடி யாராவது பேசறாங்களான்னு காது குடுத்துக் கேக்கும். கெட்ட மெஷினு கேக்காமயே பேசும்."

உள்ளேயிருந்து அவள் அம்மா சொன்னாள்: "அந்த மெஷினு இங்க ஒண்ணு வேட்டி கட்டிக்கினு உக்காந்திருக்குது பாரு."

மூன்று பேரும் சிரித்தோம். அது கோடைக்காலம். மழைக்காலத்தில்தான் அது நடந்தது.

அன்றைக்கு நான் குந்தாரப்பள்ளிச் சந்தையில் இருந்தேன். பெரிய மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்திக்கு ஒரு ஜோடி காளை பிடித்துக் கொடுக்கப் போயிருந்தேன். காளை பிடிப்பதும் எனக்குத் தெரியும் என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. தரகரும் நானும் ஒரு துண்டைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு விரலால் விலை பேசிக்கொண்டிருந்தோம். வலது கை துண்டுக்குள். போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

ஓசூர்ப் பக்கத்து யார்டு ஒன்றின் ஆபரேட்டர். பத்து வருஷமாக என் ரிமோட்டைப் பிடித்தவன். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அண்ணா, ரிமோட்டு கட்டாவுது. அழுத்துனா நிக்குது, வுட்டா ஓடுது. அந்தக் குடோன்ல புதுசா என்னமோ மாட்னாங்க, காத்தாலருந்து இதே ரோதன."

"அஞ்சுலதான இருக்க? ஏழுல போடு."

"ஏழு காலியாண்ணா?"

"நான் சொல்றேன்ல? போடு."

தரகர் துண்டுக்குள் என் விரலை இறுக்கினார். போனை வைத்துவிட்டேன்.

ரிமோட்டில் இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடித்தால் சேனல் மாறும்; மேலே இருக்கும் ரிசீவரும் தேடிப் பிடித்துக் கூடவே மாறிக்கொள்ளும். அவன் மாற்றினான். வேலை ஒழுங்காக நடந்தது. ஏழில் எந்தத் தொந்தரவும் இல்லை, ஏனென்றால் சுவருக்கு அந்தாண்ட இருந்த யார்டில் கரண்ட் பெட்டி ரிப்பேர்; காலையிலிருந்து அவர்கள் கிரேன் நின்று கிடந்தது. அந்த யார்டின் சேனல் ஏழு. முதலில் அது மூன்றில் இருந்தது. முந்தைய வருஷம் அதே குடோன் தொந்தரவுக்காக நானே வந்து ஏழுக்கு மாற்றியிருந்தேன். சந்தையில் நின்றபோது என் தலையில் மூன்று என்றே இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து யார்டுக்குக் கரண்ட் வந்தது. அந்த நேரத்தில் எங்கள் ஆபரேட்டர் ஒரு கல்லை டிராலிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி வைத்திருந்தான். கீழே, கல் உட்கார வேண்டிய மரக்கட்டையைச் சரியாக நகர்த்திக்கொண்டிருந்தவர் அவனுடைய அக்கா புருஷன். சங்கிலி மாட்டுவது அவர் வேலை. அவனை அந்த யார்டில் சேர்த்துவிட்டதே அவர்தான். ஒரு காலால் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தாண்ட இருந்த கன்னடக்கார ஆபரேட்டர் தன்னுடைய காலிக் கொக்கியை இறக்கப் பட்டனை அழுத்தினார். இரண்டு கிரேனும் இறக்கின.

அவ்வளவுதான். அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

நான் யார்டுக்கு வந்து சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எங்கள் கிரேனின் மெயினையும் அணைத்திருந்தார்கள். ஆபரேட்டர் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தான். ரிமோட் இன்னும் இடுப்பில் இருந்தது. குனிந்து பார்த்தேன். சின்னத் திரையில் ஏழு. சுவருக்கு அந்தாண்ட கிரேன் ஓடும் சத்தம் கேட்டது. அப்போது தலைக்குள் மூன்று போய் ஏழு வந்து உட்கார்ந்தது. யாரோ டீ கொடுத்தார்கள். குடித்தேன். இனிப்பு அதிகம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. வேறு எதுவும் நினைக்கவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. தொட்டால் தொட்டது தெரிகிறது, வலி தெரியவில்லை.

"நான் கைய வெக்கலண்ணா. தண்ணி குடிச்சிக்கினு இருந்தேன். ரிமோட்டு தொங்கிக்கினு இருந்துச்சு. நான் கைய வெக்கவே இல்ல" என்றான்.

நான் தலையை ஆட்டினேன்.

அன்று மாலையே விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மாதிரியான மனிதர். கிரேனுக்குச் சீல் வைப்பதற்கு முன்னால் ரிமோட்டை வாங்கி ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார். எல்லாம் சரியாக வேலை செய்தன. அந்தச் சமயத்தில் பக்கத்து யார்டுக்காரர்கள் விபத்து என்று கேட்டு வேலையை நிறுத்திவிட்டு, மெயினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் இந்த ரிமோட்டெல்லாம் பாக்கறீங்களா?"

"இந்த ரோட்ல இருக்கறது எல்லாமே நான்தான் சார்."

"இதுல ஏதாவது கோளாறு உண்டா?"

"ஒரு கோளாறும் இல்லைங்க சார்."

"பட்டன் தானா அழுந்துமா?"

"அழுந்தாதுங்க."

மூன்று பதிலும் உண்மை. அதைக் கேட்டு அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். ஆபரேட்டர் கவனக்குறைவாகப் பட்டனை அழுத்தியதால் நடந்த விபத்து என்று ஆனது. போலீஸ் அவன்மேல் வழக்குப் பதிந்தது. முதலாளி அவனை யார்டுக்குள் வரக் கூடாது என்று சொன்னார். அவன் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோருக்கும் முன்னால், "எங்க வூட்டுப் படி ஏறாத" என்றாளாம். அதை அவன் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

அடுத்த வாரமே பக்கத்து யார்டில் தொடங்கி மற்ற முப்பத்தைந்து கிரேனுக்கும் போய் ஐடி எண்ணை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண். என்ன என்று கேட்டவர்களிடம் "வருஷாந்திர சர்வீஸ்" என்றேன். "சொல்லாமயே வந்து செய்யறாரு பாரு, இதுக்குத்தான் பெரியவரு வேணும்ங்கறது" என்று ஒரு முதலாளி சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். சீல் வைத்த கிரேன் ஒன்றில் மட்டும் பழைய எண் அப்படியே இருந்தது.

அந்த நாட்களில் நான் துக்கப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். சாப்பிட்டேன், தூங்கினேன். போன் வந்தால் போனேன். சோறு சோறாக இருந்தது, குழம்பு குழம்பாக இருந்தது. வீட்டில் "ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க, பெருமையடிச்சுக்கவாவது பேசுங்களேன்" என்றாள் மனைவி. என்ன பேசுவது என்று தேடிப் பார்த்தேன். 

ஒரு நாள் காலையில் ஆபரேட்டர் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, நான் நல்லா யோசிச்சு பாத்தேன். தண்ணி பாட்டல வாங்கச்சொல்ல மணிக்கட்டு பட்டிருக்கும்ணா. என் கைதான். மொதல்ல இல்லன்னு சொன்னேன் பாருங்க, அது பயத்துல சொன்னது."

தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினேன்.

"நாலு பேர உங்களுக்குத் தெரியும். பட்டன் இல்லாத வேல எதுனா இருந்தா சொல்லுங்கண்ணா."

"பாக்கறேன்" என்றேன். அவனாகவே தேடிக்கொண்டான். கெலவரப்பள்ளிக் கால்வாய் ஓரத்தில் ஒரு ரோஜாக் கொட்டகையில் களை எடுக்கிற வேலை.

சின்ன மகள் அந்த மாசம் வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது. அடுத்த மாசம் வந்தாள். பெட்டியில் இருந்ததை எடுத்து, மாடியிலேயே லேப்டாப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். முகமெல்லாம் வெளிச்சம். ஆராய்ச்சிக்காரர்களுக்கு மாட்டிக்கொண்டது மீனா பாம்பா என்று பார்ப்பதற்கு முன்பே சந்தோஷம் வந்துவிடும் போலிருக்கிறது.

"அப்பா, இங்க பாருங்க. ஒரே நாள்ல, ஒரே சேனல்ல, ஒரே ஐடி. ஆனா சிக்னலு ரெண்டு. ஒண்ணு பக்கத்துல, ஒண்ணு கொஞ்சம் தள்ளி. பூட்டு இருக்குது, ஆனா ரெண்டு வூட்டுக்கும் ஒரே சாவி. இத நாங்க கட்டுரையில எழுதினா எங்க சார் குதிப்பாரு."

"எந்த யார்டுன்னு எழுதுவீங்களா?"

"மாட்டோம்ப்பா. பேரு, ஊரு எதுவும் வராது. ஒரு இடத்துலன்னு மட்டும்தான்." பிறகு அந்த எண்ணை மெதுவாக, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். கடைசி இலக்கத்தில் நிறுத்தினாள்.

அந்த மொபெட்டில்தான் அவளை ஐந்தாம் வகுப்புவரைக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். முன்னால் நின்றுகொண்டு வருவாள்.

"நம்ம வண்டி நம்பரு" என்றாள். எதையோ நகர்த்திப் பார்த்தாள். "நடந்த நாள் அது. மத்தியானம் ரெண்டு பதினேழு. அந்த நேரத்துல பக்கத்துல இருக்கற ரிமோட்டு பேசவே இல்ல. தூரமா இருக்கறதுதான் பேசுது."

விபத்து நடந்த யார்டு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சுவருக்கு அந்தாண்ட இருந்ததுதான் தள்ளி இருப்பது. அவளுக்கு இது தெரியும்.

என்னைப் பார்ப்பாள், ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். அவள் லேப்டாப்பை மூடினாள். தொட்டிக் குழாயில் கை கழுவினாள். "சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.  மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அந்த ஒரு நாளோட பதிவ நான் தனியா எடுத்து வெச்சிருக்கறேன். கேக்கறப்போ குடுக்கறேன். கேக்கறது நீங்களா இருந்தா நல்லா இருக்கும்."

ரோஜாக் கொட்டகைக்குப் போனேன். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நல்ல புழுக்கம். வரிசைக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் விடும் நேரம் வந்தது. அவன் எழுந்து போய் மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பூ வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டான்.

"யக்கா, வந்து பட்டன அமுக்கேன்."

"ஏன், உன் கை இன்னா ஊருக்குப் போயிருக்குதா? தெனமும் இதே வேலயா எனக்கு" என்று திட்டிக்கொண்டே அந்தம்மா வந்து அழுத்திவிட்டுப் போனார். மோட்டார் ஓடியது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டேன். "டேய், நீ அழுத்தலடா. ஏழுன்னு நான்தான் தப்பா சொன்னேன். பக்கத்து யார்டும் ஏழு. எல்லாத்துக்கும் ஒரே நம்பரு போட்டதும் நான்தான்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, உங்களுக்குப் பெரிய மனசுண்ணா. அந்த டவரு நான்தான் போட்டேன், இந்த லைனு நான்தான் இழுத்தேன், அவனுக்குக் கல்யாணமே நான்தான் பண்ணி வெச்சேன்னு எல்லாத்தயும் நீங்களே எடுத்துக்குவீங்க. இதையுமா எடுத்துக்கணும்? வுடுங்கண்ணா. இது என்னுது."

"டேய், நெசமாத்தான் சொல்றேன்."

"அக்காகிட்ட எனக்காகப் பேசணும்னு பாக்கறீங்க. தெரியுது. அது நம்பாதுண்ணா. நானே நம்பல."

களை எடுக்கக் குந்திவிட்டான். நாற்பது வருஷம் நான் எதைச் சொன்னாலும் இந்த ரோட்டில் நம்பினார்கள். ஏழு காலி என்றேன், நம்பினார்கள். கோளாறு இல்லை என்றேன், நம்பினார்கள். இதை மட்டும் நம்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் இதற்காவது வருத்தம் வருகிறதா என்று பார்த்தேன். பைக் ஓடியது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துக் கிரேனின் சீலை எடுத்தார்கள். இந்த வட்டாரத்து யார்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆளை அடித்த மெஷினை அப்படியே ஓட்ட மாட்டார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்து, அடிபட்டவர் கையால் கற்பூரம் காட்டி, அவர் "ஓடு" என்று சொன்ன பிறகுதான் சுவிட்ச் போடுவார்கள். அடிபட்டவர் இல்லாமல் போயிருந்தால் அவர் வீட்டு ஆள் வந்து சொல்ல வேண்டும். முதலாளி எனக்குப் போன் செய்தார்.

"நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்து ரிமோட்ட ரெடி பண்ணிக் குடுத்துருங்க. புது ஆபரேட்டரு வர்றான்."

ரெடி பண்ணுவது என்றால் ஐந்து நிமிஷம். ஒயரைச் சொருகி அந்த ஒரு கிரேனின் எண்ணையும் மாற்றிவிட்டால் பிறகு உலகத்தில் எந்தக் கிரேனுக்கும் அந்த மொபெட் எண் தெரியாது. மகளின் பெட்டிக்குத்தான் தெரியும்.

முன்னாடியே போனேன். ஒயரைத் தோள்பையிலிருந்து எடுக்கவில்லை. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டு, துடைத்து, வாழையிலைமேல் வைத்தேன். முதலாளி வீட்டம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். யார்டு ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். அடிபட்டவர் அக்குள்கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தார். அவர் மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடைத் தகரத்தின் நிழலில் அவளுடைய தம்பி நின்றான். யாரும் கூப்பிடவில்லை, வேலைக்குப் போகாமல் வந்து நின்றிருந்தான். அவள் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் மஞ்ச கோட்டுக்கு அந்தாண்ட வாங்க. ஒருத்தரு விடாம" என்றேன். தண்டவாளத்தின் இரண்டு முனைக்கும் நானே நடந்து பார்த்தேன். கொக்கியில் எதுவும் இல்லை. கீழே யாரும் இல்லை. "மெயினப் போடுங்க."

"இன்னும் கற்பூரமே காட்டலியே" என்றார் முதலாளி.

"போடுங்க. ரிமோட்ட யாரும் தொடக் கூடாது. எல்லாரும் அந்த எலைய மட்டும் பாத்துக்கினு இருங்க. யம்மா, நீயும் பாரு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

கேட்டைத் தாண்டி, லாரி ஒன்று போகும்வரை நின்று, ரோட்டைக் கடந்து அவன் பக்கத்தில் போய் நின்றேன். தோள்பையிலிருந்து பழைய உபரி ரிமோட்டை எடுத்தேன். அது ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. சேனல் ஏழு. அங்கிருந்தே கேட்டு வழியாக வாழையிலையும் குங்குமம் வைத்த ரிமோட்டும் தெரிந்தன. யார் கையும் அதன் பக்கத்தில் இல்லை.

அழுத்தினேன்.

யார்டுக்குள் கிரேனின் மணி அடித்தது. இரும்புக் கால்கள் ஒரு உலுக்கு உலுக்கி நகர ஆரம்பித்தன. உள்ளே யாரோ கத்தினார்கள். யாரோ "சாமி" என்று கும்பிட்டார்கள். கிரேன் காலியாக, தானாக, தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடிபட்டவர் இலையைப் பார்த்தார், கிரேனைப் பார்த்தார், பிறகு ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் மனைவிக்கும் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவள் பார்த்தது என்னை அல்ல. தம்பியை.

நான் கையைத் தூக்கி ரிமோட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்டினேன். சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது "நான்தான்" என்ற ஒரே வார்த்தை. ரோட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீங்களே ஊகிக்கக் கூடியதுதான். அதிகாரி மறுபடியும் வந்தார். நான் சொன்னதை மகள் எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன், அவளுடைய பதிவையும் சேர்த்துக் கொடுத்தோம். வழக்கு இப்போது என் பேரில் நடக்கிறது. இருபத்தேழு யார்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மீதி ஒன்பது பேர் ஏன் என்னை வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அந்த ஒன்பதுக்கும் சேனலை ஒரு நோட்டில் எழுதி, யார்டுச் சுவரிலும் பெயிண்டில் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு ரோட்டோரத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். ரிமோட்டைத் தூக்கிக் காட்டியவன், பட்டனிலிருந்து கட்டை விரலை எடுக்க மறந்துவிட்டேன். அழுத்திக்கொண்டிருப்பதே எனக்குத் தெரியவில்லை. கிரேன் தண்டவாளத்தின் கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, வுடுங்க" என்றான் பக்கத்தில் நின்றவன்.

நான் விடவில்லை.

"லிமிட்ல போய் முட்டிக்கும்ணா. வுடுங்க."

என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ரிமோட்டை வாங்கினான். வாங்கிய கையோடு, கிரேனைப் பார்த்தபடியே, தன் கட்டை விரலால் சிவப்புப் பட்டனை அழுத்தினான். கிரேன் நின்றது. மணி நின்றது. அவன் விரலை எடுத்துவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுக்குள்ளிருந்து அவன் அக்கா ரோட்டைக் கடக்க லாரிகளுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தாள்.